கடல் கடந்த உழைப்பு – 11: ஈயம் போன பாதையில்

கொழும்பு நூதனசாலையின் முன்றலில் சேர் வில்லியம் கிரெகரிக்கு ஒரு சிலை உண்டு. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். நூதனசாலையைக் கட்டுவித்தவர் அவர்தான். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைக்கப்பட்டதும் அவர் காலத்தில். நம்முடைய பள்ளிக்கூடப் புத்தகங்களில் நல்ல பெயரோடு இருக்கிறவர். அவர் பிறந்த அயர்லாந்தில் கதை வேறு. 1847இல், உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அவர் ஒரு சட்டப் பிரிவைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் குத்தகை நிலம் வைத்திருக்கும் குடியானவனுக்கு அரசாங்க நிவாரணம் இல்லை. கஞ்சி வேண்டுமென்றால் காணியை விடு என்பதுதான் சாரம். விட்டவர்களின் குடிசைகளை நிலப்பிரபுக்கள் இடித்துத் தள்ளினார்கள். பத்து லட்சம் பேரளவில் செத்தார்கள். அதே அளவானோர் கப்பலேறினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களை முன்னைய அத்தியாயங்களில் பார்த்தோம். பஞ்சத்துக்கு முன்பே 363 மைல் நீள ஈரி கால்வாயை வெட்டப் போயிருந்த ஐரிஷ்காரரோடு இவர்களும் சேர்ந்தார்கள். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கினார்கள். லோவல் நெசவாலைகளில் நியூ இங்கிலாந்துப் பண்ணைப் பெண்கள் விட்டுப்போன தறிகளுக்கு முன்னால் ஐரிஷ் பெண்கள் நின்றார்கள். 1869 மே 10ஆந் திகதி அமெரிக்காவின் கிழக்குத் தண்டவாளமும் மேற்குத் தண்டவாளமும் யூட்டாவில் சந்தித்தபோது, கிழக்கிலிருந்து வந்த பாதையைப் போட்டவர்களில் பெருந்தொகையானோர் ஐரிஷ்காரர். மேற்கிலிருந்து வந்த பாதையைப் போட்டவர்கள் சீனர்.

இதையெல்லாம் வாசிக்கும்போது யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சிலருக்கு ஒரு நெளிவு வரும் என்று தெரியும். ‘அவங்கள் மண்வெட்டியோட போன கூலியள். எங்கட ஆக்கள் உத்தியோகத்துக்கல்லோ போனவை’ என்பார்கள். மலாயாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் உயரும். அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பார்க்கத்தான் இந்த அத்தியாயம் உடுப்பிட்டிக்கு வருகிறது.

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஒரு நகரம். 1820களில் அங்கேயிருந்து கடலுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெட்ட வந்தவர்கள் ஐரிஷ்காரர். ஊருக்குள் குடியிருக்க விடாமல் நகரத்தின் ஓரத்தில் கொட்டில் போட்டு இருக்கச் சொன்னார்கள். கால்வாய் 1828இல் திறந்தது. அதன் கரையில் ஆலைகள் எழும்பின. அப்போது அந்த ஊரில் ஆறு வயதுப் பொடியன் ஒருவன் இருந்தான். பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வைத்தியராக வந்து, மானிப்பாயில் இருந்து மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தாரே, அதே கிறீன் ஐயர்தான்.

அவரை அனுப்பியது பொஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிசன். 1816இல் தெல்லிப்பழையில் கால்வைத்த அந்த மிசன் வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று பரவி, வடமராட்சிப் பக்கத்தில் உடுப்பிட்டியைப் பிடித்தது. இன்றைய உடுப்பிட்டி அமெரிக்கன் மிசன் கல்லூரி தன் தொடக்கத்தை 1852 என்று கணக்கிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை 1868இல் வந்தது. இந்தப் பள்ளிக்கூடங்கள் கிறிஸ்தவரை உண்டாக்கத்தான் திறக்கப்பட்டன. அந்த வேலையில் பெரிய வெற்றி கிடைக்கவில்லை. சிவசம்புப் புலவர் போன்ற ஒரு தமிழறிஞர் இருந்து பாடம் சொன்ன ஊர், வேதப் புத்தகத்துக்கு லேசில் வளையாது. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் வளைந்தது. பெடியனை ஞாயிறு ஆராதனைக்கு அனுப்பிப் பாடம் கேட்கவைத்து, வீட்டுக்கு வந்ததும் திருநீறு பூசிவிட்ட தாய்மார் இந்த ஊரில் ஒருவர் இருவரல்ல.

வளைந்ததற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. ஆறில்லாத குடாநாடு. தோட்டம் என்றால் கிணறு, துலா, ஒருவர் மிதிக்க ஒருவர் இறைக்கும் விடியற்காலை. புகையிலைதான் காசு தந்த பயிர். அதை எடுத்துக்கொண்டிருந்த திருவிதாங்கூர்ச் சந்தை ஏறியும் இறங்கியும் குடியானவனை ஆட்டிவைத்தது. காணியோ தலைமுறைக்குத் தலைமுறை சீதனத்தில் துண்டுபட்டு, ஏக்கர்க் கணக்கு மறந்து பரப்புக் கணக்காகிவிட்டது. நாலு ஆண் பிள்ளைகள் பிறந்த வீட்டில் இருவர் தோட்டத்தைப் பார்க்கலாம். மற்ற இருவருக்கு வெளியே வழி தேட வேண்டும். அயர்லாந்தின் கால் ஏக்கர் குடியானவனுக்கும் இவனுக்கும் இருந்த பெரிய வித்தியாசம், இவன் கையில் ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தது என்பதே. இங்கே பஞ்சமும் அந்த அளவில் வரவில்லை. தள்ளியது பட்டினி அல்ல, நெருக்கடி.

அதற்கும் ஒரு பயிர் நோய் வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் உருளைக்கிழங்கைத் தின்றது போல இலங்கையில் கோப்பியைத் தின்ற நோய் 1869இல் தலைகாட்டியது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள், பிறகு மொட்டை மரம். கிரெகரி ஆண்ட காலத்தில் விலை நன்றாக இருந்ததால் விளைச்சல் விழுந்தது பெரிதாகத் தெரியவில்லை. பத்து ஆண்டுக்குள் தெரிந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கொழும்பில் அதன் நோட்டை வைத்திருந்தவர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அரசாங்க வருமானம் படுத்தது. வீதி, பாலம், புகையிரதம் என்று ஓடிக்கொண்டிருந்த வேலைகள் நின்றன. வேலை பழகிய கைகளும் கணக்கு எழுதப் பழகிய கைகளும் சும்மா இருந்தன.

சரியாக அந்த நேரத்தில் வங்காள விரிகுடாவின் மறுகரையில் ஆள் தேடினார்கள். பேராக் மாநிலத்தின் லாரூட் பகுதியில் சீனத் தொழிலாளர் தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக ஒரு தண்டவாளம் தேவைப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு எட்டு மைல். மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை. 1885 யூன் 1ஆந் திகதி திறக்கப்பட்டது. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட பயனியர் படையின் இரண்டு பிரிவுகள். கண்டி வீதியிலும் மலைநாட்டுப் பாலங்களிலும் பழகிய படை அது. பெரும்பாலானோர் தமிழகத்துக் கூலித் தமிழர். அவர்களுக்குக் கணக்கெழுதவும் அளக்கவும் மேற்பார்க்கவும் போனவர்களில் யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். ஆக, மலாயாவுக்கு ‘நாங்கள்’ போன கதையின் முதல் பக்கத்திலேயே மண்வெட்டி இருக்கிறது. ஊரில் சொல்லப்படும் கதையில் அந்தப் பக்கம் பெரும்பாலும் கிழிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தான் தைப்பிங்கில் புகையிரதம் ஓட்டத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் புகையிரதம் கிடையாது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் 1902இல்தான் முதல் வண்டி ஓடிற்று. கொழும்போடு இணைந்தது 1905 ஆகஸ்டில். வடமராட்சிக்குள் இன்றுவரை தண்டவாளம் வரவில்லை. கொழும்பு வண்டியைப் பிடிக்க உடுப்பிட்டியான் கொடிகாமத்துக்குப் போக வேண்டும். சொந்த ஊரில் ஒரு சிக்னல் கம்பத்தையும் காணாத பெடியன்கள் பினாங்குக்குப் போய் ஸ்டேசன் மாஸ்டரானார்கள்.

1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்து ஐக்கிய மலாய் மாநிலங்கள் ஆயின. 1901இல் புகையிரதங்கள் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. முதல் பொது முகாமையாளர் சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர். இவர் இலங்கைப் பொதுவேலைப் பகுதியில் இருந்து 1891இல் சிலாங்கூருக்கு எஞ்சினியராகப் போனவர். யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் கையெழுத்தும் கணக்கும் அவருக்குப் பழக்கம். ஆளுக்கு ஆள் சொல்லி ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். மலாயாவில் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. கோலாலம்பூரின் விக்டோரியா நிறுவனம் 1894இல்தான் திறந்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு கிளாக்கரை எடுத்தால் சம்பளம், வீடு, நீண்ட லீவு, குடும்பத்துக்குக் கப்பல் காசு எல்லாம் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தானுக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். அவன் திறமைசாலி, நேர்மையானவன், நேரத்துக்கு வருகிறவன் என்று துரைமார் எழுதியதை நம்மவர்கள் மகிழ்ந்து மேற்கோள் காட்டுவதுண்டு. மலிவானவன் என்பதுதான் முதல் காரணம். வூஸ்டரில் கால்வாய்க் குத்தகைக்காரன் ஐரிஷ்காரனை விரும்பியதற்கும் அதே காரணம்தான்.

அந்தக் கிளாக்கரின் ஒரு நாளைக் கொஞ்சம் கிட்டநின்று பார்த்தால்தான் பொருளாதாரம் எங்கே ஓடுகிறது என்று பிடிபடும். கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஸ்டேசன். விடிய முன் லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்திலிருந்து மாட்டு வண்டிகள் வந்து நிற்கும். சாக்குகளில் ஈரமான ஈயமணல். ஒவ்வொரு சாக்கும் தராசில் ஏறும். எடை, முதலாளியின் குறி, சேருமிடம், கூலி எல்லாம் சரக்குச் சீட்டில் ஏறும். ஒரு சாக்கு பிழைத்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். இடையிடையே தந்திப் பெட்டி தட்டும். ஒற்றைத் தண்டவாளம், அடுத்த ஸ்டேசன் ‘லைன் கிளியர்’ கொடுக்காமல் இவர் வண்டியை விட்டால் எதிரே வருவதோடு நேருக்கு நேர் மோதல். அடுத்த ஸ்டேசனில் தந்தி தட்டுகிறவர் பெரும்பாலும் இன்னொரு யாழ்ப்பாணத்தார். தந்தியில் வேலை ஓய்ந்த நேரத்தில் ஊர்ப் புதினமும் ஓடியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வண்டி போகும், மணல் பட்டர்வொர்த்துக்கோ சிங்கப்பூருக்கோ போய் உருக்காலையில் பாளமாகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்தின் ஈயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. பெரும்பகுதி தகரப் பேணிகளுக்காக. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைத் தொழிலாளி வாங்கித் தின்ற பேணி இறைச்சியின் உள்பூச்சு இந்தத் தராசு வழியாகப் போனதுதான்.

காடு சும்மா விடவில்லை. 1894இல் தெலுக் ஆன்சன் பாதையில் ஒரு கொம்பன் யானை புகையிரதத்தோடு மோதி வண்டியைத் தடம்புரளச் செய்து தானும் செத்தது. அதற்குக் கல்லறைப் பலகைகூட வைத்தார்கள். யானையைவிடக் கொடியது நுளம்பு. 1901 செப்டெம்பரில் சுவெட்டென்ஹாம் துறைமுகம் திறந்த சில மாதத்துக்குள் வேலைக்காரர் மலேரியாவில் விழுந்து துறைமுகமே நின்றுபோயிற்று. மல்கம் வாட்சன் என்ற வைத்தியர் சதுப்பை வடித்த பிறகுதான் மீண்டது. வேலைக்குப் போய் ஆறு மாதத்தில் காய்ச்சலோடு ஊருக்குத் திரும்பியவர்கள், திரும்பாமலே போனவர்கள், இரண்டு வகையினரும் வடமராட்சிக் குடும்பங்களில் உண்டு. யானைக்குப் பலகை வைத்தவர்கள் இவர்களுக்கு வைக்கவில்லை.

பிறகு இறப்பர். இங்கேதான் ஐரிஷ் கதையும் உடுப்பிட்டிக் கதையும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1847இல், அதாவது கிரெகரி தன் சட்டப் பிரிவைக் கொண்டுவந்த ஆண்டிலேயே, கோர்க் கவுண்டியிலிருந்து வில்லியம் போர்ட் என்ற இளைஞர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மிச்சிகனில் பண்ணை வைத்தார். அவருடைய மகன் ஹென்றி போர்ட் 1908இல் ‘மொடல் டி’ காரை இறக்கினார். 1927இல் நிறுத்தும்போது ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் நாலு டயர், ஓடத் தேய மறுபடி நாலு. உலகத்தின் இறப்பரில் பெரும்பகுதியை அமெரிக்கா ஒன்றே விழுங்கியது. அதில் மிகப் பெரிய பங்கைத் தந்தது மலாயா. கோப்பியில் கைசுட்டுக்கொண்ட இலங்கைத் துரைமார் சிலரும் கடல் தாண்டிப் போய் அங்கே இறப்பர் வைத்தார்கள். அவர்களோடு கிராணி வேலைக்கு யாழ்ப்பாணத்தானும் போனான்.

தோட்டத்தில் படிநிலை தெளிவாக இருந்தது. மேலே துரை. அவருக்குக் கீழே கந்தோரில் கிராணி. அவருக்குக் கீழே கங்காணி. எல்லாருக்கும் கீழே பால்மரம் வெட்டும் தமிழ்நாட்டுத் தொழிலாளி. 1920களின் பிற்பகுதியில் முக்கிய இடங்களில் நிர்ணயிக்கப்பட்டிருந்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். அதிகாலையில் பெயர் கூப்பிட்டு, வராதவனுக்கு வெட்டு போட்டு, வந்தவனுக்குப் பாதி நாளா முழு நாளா என்று புத்தகத்தில் பதிந்தவர் கிராணி. அவர் பேசியது தமிழ், அவன் பேசியதும் தமிழ். அதனால் இரக்கம் வந்துவிட்டதா என்றால், மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைப் புரட்டிப் பாருங்கள். ‘யாழ்ப்பாணக் கிராணி’ அங்கே நல்ல பாத்திரமாக வருவது குறைவு. கிராணியின் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கும் தொழிலாளியின் பிள்ளை தோட்டத்துத் தமிழ்க் கொட்டகைக்கும் போனார்கள். கோயிலும் தனி, சங்கமும் தனி.

உடுப்பிட்டியிலேயே அந்தப் பிரிப்பு தொடங்கியிருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மலாயாவுக்கு ஏறுவதற்கான சீட்டு ஆங்கிலச் சான்றிதழ் என்றால், அந்தச் சீட்டு விற்ற இடம் பள்ளிக்கூட வாங்கு. குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாங்கில் சரிசமனாக இருக்க இடம் கொடுக்க வேண்டும் என்று கல்விப் பகுதி 1929இல் கட்டளை போட்டபோதுகூட ஊர்கள் கொதித்தன. அதற்குள் மலாயாவின் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. ஐரிஷ்காரனுக்கு அமெரிக்காவில் வேலை தர மாட்டோம் என்று பலகை தொங்கவிட்டதைக் கண்டு ஆத்திரப்படுகிற நாம், நம்முடைய ஊர் வாசலில் எழுதாமலே தொங்கிய பலகையையும் இதே அத்தியாயத்தில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

காசு ஊருக்கு வந்த விதம் சுவாரசியமானது. மாதம் பிறந்தால் தபாற்காரன் காசுக்கட்டளை கொண்டுவருவான். பெற்றோர் இருக்கும்வரை அவர்கள் பெயருக்கு. பிறகு மனைவி பெயருக்கு. முதலில் ஈட்டுக் காணி மீண்டது. அடுத்தது தங்கச்சிக்குச் சீதனம். அதற்கடுத்தது மண் வீட்டை இடித்துக் கல்வீடு: முன்னால் விறாந்தை, நடுவில் முற்றம் வைத்த நாற்சாரம், சீமை ஓடு. உடுப்பிட்டி, வல்வெட்டி, கரவெட்டிப் பக்கத்து ஒழுங்கைகளில் அப்படிப்பட்ட வீடுகள் சில இன்னும் நிற்கின்றன; பல சண்டைக் காலத்தில் செல் விழுந்து போயின. மலாயா மாப்பிள்ளைக்குச் சீதன விலை ஏறியது. கோயில் கோபுரங்கள் உயர்ந்தன, பள்ளிக்கூடங்களுக்கு மேல்மாடி வந்தது. சைவப் பள்ளிக்கூடமா மிசன் பள்ளிக்கூடமா என்று பார்க்காமல் மலாயாப் பழைய மாணவர் காசு அனுப்பினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் சாப்பாட்டுக் கடைக்கு மலாயன் கபே என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்த நாடு ஊருக்குள் புகுந்துவிட்டது.

தொழில் என்று ஒன்று எழும்பவில்லை. இதுதான் எனக்கு உறுத்துவது. மலாயாவில் புகையிரதத்தின் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அறிந்து அரை நூற்றாண்டு வேலைசெய்த ஒரு கூட்டம், சேமித்த காசைக் கொண்டுவந்து குடாநாட்டில் ஒரு நல்ல பட்டறை வைக்கவில்லை. காணி வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், பிள்ளையை மறுபடி கிளாக்கர் சோதனைக்குப் படிப்பித்தார்கள். கூப்பிடு தூரத்தில் வல்வெட்டித்துறை. அங்கே கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1937இல் புறப்பட்டு 1938இல் மசாசுசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது, நம்மூர் மாலுமிகளோடு. மிசனரிமார் கப்பலேறிய மாநிலத்துக்கே நம்மூர் மரக்கலம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கைத்திறனுக்குப் பக்கத்தில் மலாயாக் காசைக் கொண்டுபோய் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கடலோடிக்குக் கிளாக்கர் பெண் கொடாத ஊரில் முதல் மட்டும் எப்படிக் கொடுப்பான்?

ஐரிஷ்காரன் வேறு வழியில் போனான். அவனுக்குத் திரும்பிப் போகக் காணி இல்லை. கால் ஏக்கர்ச் சட்டம் அதைப் பறித்துவிட்டது. அதனால் போன இடத்தில் காலூன்றினான். சில ஆண்டுகளில் குடியுரிமை, குடியுரிமையோடு வாக்கு, வாக்கோடு நகரசபை. பொலிஸ், தீயணைப்புப் படை, தொழிற்சங்கம் எல்லாவற்றிலும் நுழைந்தான். பென்சில்வேனியாச் சுரங்கங்களில் 1877 முதல் 1879 வரை இருபது ஐரிஷ்காரரைத் தூக்கில் போட்டார்கள்; அவ்வளவு சண்டை பிடித்திருக்கிறான். 1848 வாக்கில் பொஸ்டனுக்கு வந்து பீப்பாய் செய்து பிழைத்த பற்றிக் கென்னடியின் கொள்ளுப் பேரன் 1961இல் ஜனாதிபதியானார்.

யாழ்ப்பாணத்தான் கையில் போக வரச் சீட்டு இருந்தது. 55 வயதில் பென்சன், பென்சனோடு ஊர். ஊரில் காணி, கோயில் உபயம், நல்லடக்கம். அதனால் மலாயாவில் சண்டை பிடிக்கவில்லை, மனு எழுதினான். நல்ல ஆங்கிலத்தில், பணிவாக, இலக்கணப் பிழையில்லாமல். சங்கங்கள் வைத்தான்: 1900இல் சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம், பிரிக்ஃபீல்ட்ஸில் கந்தசுவாமி கோயில், 1904இல் விவேகானந்தர் ஆசிரமம். எல்லாம் புகையிரதக் குவார்ட்டர்ஸைச் சுற்றி. அந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் மாலையில் வேட்டி கட்டிக்கொண்டு நடந்தால் வடமராட்சியில் நடப்பதாகவே தோன்றியிருக்கும். வேலைசெய்த நாட்டை ஊராக மாற்றிக்கொண்டான்; நாடாக எடுத்துக்கொள்ளப் பல காலம் பிடித்தது.

எல்லாரும் திரும்பவுமில்லை. ஈப்போவில் 1898இல் பிறந்த ஒரு பிள்ளையைத் தாய் சிறு வயதில் தெல்லிப்பழைக்குக் கூட்டி வந்தார்; அவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து கைக்குழந்தையாகச் செரம்பானுக்குப் போன இன்னொருவர் எஸ். இராசரத்தினம்; சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர். ஒரே கப்பல் பாதை, எதிரெதிர்த் திசை. மலாயாவிலேயே தங்கியவர்களில் துரைசிங்கம் 1951இல் கல்விக்குப் பொறுப்பான உறுப்பினராக நிர்வாகத்தில் அமர்ந்தார்.

1929க்குப் பிறகு உலக மந்தம் வந்தது. அமெரிக்காவில் கார் விற்காவிட்டால் மலாயாவில் பால் விலை போகாது. பால் விலை போகாவிட்டால் உடுப்பிட்டியில் காசுக்கட்டளை வராது. தோட்டக் கூலியை ஏறக்குறையப் பாதியாக வெட்டினார்கள். பகுதிகளைச் சுருக்கி கிளாக்கர்மாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மலாய் இளைஞர்களும் ஆங்கிலம் படித்து வந்துவிட்டார்கள். சொந்த நாட்டு உத்தியோகத்தைக் கேட்டார்கள், அது அவர்களுடைய நியாயம். யாழ்ப்பாணத்தானை மலிவாக்கிய நிலைமை மாறியதும் அவனுடைய இடமும் ஆட்டங்கண்டது. திறமையை மட்டும் பார்த்து வைத்திருந்தார்கள் என்றால் அப்போது மட்டும் ஏன் அது போதவில்லை என்று கேட்டவர்கள் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் குறைவு.

1941 டிசம்பரில் யப்பானியர் கோத்தபாருவில் இறங்கினார்கள். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் விழுந்தது. அன்றிலிருந்து மூன்றரை ஆண்டு காசுக்கட்டளையும் இல்லை, கடிதமும் இல்லை. உடுப்பிட்டியில் மலாயாக் காசை நம்பியிருந்த வீடுகள் நகையை ஈடுவைத்தன, ஓடு மாற்றக் காசில்லாமல் கிடுகு போட்டன, மாப்பிள்ளை உயிரோடிருக்கிறாரா என்று சாத்திரம் கேட்டன. அங்கே கிளாக்கர்மார் யப்பான் மொழி படித்து அதே மேசையில் அதே சீட்டை எழுதினார்கள். வேலை செய்யாவிட்டால் அரிசி கிடையாது.

பிறகு ஒரு நாள் தண்டவாளத்தையே பெயர்க்கும் கட்டளை வந்தது. கிழக்குக் கரைப் பாதையின் நீண்ட பகுதியையும் மலாக்காக் கிளைப் பாதையையும் கழற்றினார்கள். இரும்பை வண்டியிலேற்றினார்கள், கூடவே தோட்டங்களிலிருந்து பிடித்த தமிழ்த் தொழிலாளரையும் ஏற்றினார்கள். இரண்டும் வடக்கே சயாமுக்குப் போயின, பர்மா வரை 415 கிலோமீற்றர் பாதை போட. தோட்டக் கந்தோரில் இருந்த பெயர்ப் புத்தகம்தான் யாரை ஏற்றுவது என்று காட்டியது. அந்தப் பாதை அடுத்த அத்தியாயத்தில்.